டிராக்டர் மேல் ஒரு பிராது

என் வயதுக்காரர்களே, ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? புது சோபா வந்த கவரோடுதானே கிடக்கிறது? மகள் துபாயிலிருந்து வாங்கி வந்த போர்வையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய கிழிசலைத்தானே போர்த்திக்கொள்கிறீர்கள்? நானும் அப்படித்தான். புதுப் பொருளைக் கண்டால் நமக்குக் கை கூசும். எடுத்துப் புழங்கினால் பழசாகிவிடுமே என்று பயம்.

போன வாரம் மகன் புதுக் கார் எடுத்து வந்தான். சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்ததும், "கொஞ்ச நாளைக்கி இத எங்கயும் தூரமா எடுத்துக்கிட்டுப் போவாதப்பா. காலையில ஸ்டார்ட் பண்ணி சும்மா நிக்கவச்சி ஓடவுடு, போதும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அது என் பேச்சே இல்லை. எங்கள் பெரியப்பாவின் பேச்சு. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அந்தப் பேச்சால் ஒரு கோடை முழுக்க எங்கள் வீடு பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதை இன்று சொல்லத் தோன்றுகிறது. அவசரம் இல்லாதவர்கள் உட்காருங்கள்.

விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா டவுனில் பீங்கான் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போவார். நிலம் நீச்செல்லாம் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் பொறுப்பு. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, தம்பியையும் கைக்குழந்தையாக இருந்த தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். அதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தத் தங்கைதான் என் அத்தை.

அத்தைக்கு இருபது வயது தாண்டியும் பெரியப்பா "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். குடம் தூக்க விடமாட்டார். வெயிலில் இறங்க விடமாட்டார். அப்பா கம்பெனியிலிருந்து கழித்துப் போட்ட பொம்மைகளைக் கொண்டுவருவார். காது போன முயல், மூக்கு சப்பிய பிள்ளையார், ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற செட்டியார். அத்தை அவற்றுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவாள். எழுதியதும் அதுகளுக்கு உயிர் வந்துவிடும். ஒருமுறை பெரியப்பாவிடம் கேட்டாள்.

"பொம்ம கம்பெனியில பெயிண்டு அடிக்கப் பொண்ணுங்கள எடுக்குறாங்களாம். போவட்டுமாண்ணே?"

"நீ போயி ஒழைச்சித்தான் இந்த வூட்டுல அடுப்பு எரியணுமா பாப்பா?" என்று பெரியப்பா சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது. பாசம் என்றால் அதுதான் பாசம் என்று அப்போது நானும் நினைத்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை என் அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமன். கம்மாபுரத்துப் பக்கம் ஊர். கரும்பு லோடு அடிக்கிற டிராக்டரில் டிரைவராக இருந்தவர். பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுப்பதில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தையின் சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். மாமா வருகிற நாளில், ஏற்கெனவே கண் எழுதிய பொம்மைகளுக்கு மறுபடியும் கண் எழுதிக்கொண்டிருப்பாள்.

பங்குனியில் எங்கள் வீட்டுக்குப் புது டிராக்டர் வந்தது. ஓட்டுவதற்கு மாமாவையே வரச்சொல்லிவிட்டார் பெரியப்பா. ஆனால் கல்யாணம் ஆகும்வரை வீட்டில் படுக்கக் கூடாது என்று கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகையில் அவருக்குக் கட்டில் போடப்பட்டது.

அந்த வண்டியின் சிவப்பை இன்று நினைத்தாலும் கண் கூசுகிறது. கிட்டப் போனால் பெயிண்ட் வாசனை, புது ரப்பர் வாசனை. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் முதல் உத்தரவு. மாமா அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுவார். வெயிலுக்கு உறை வேட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அவர் எழுந்திருக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம் வரும். நானும் அத்தையும் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்து சிரிப்போம்.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஆள் போகும்போது, "எஞ்சின் புதுசுங்க, ஆரம்பத்துல பதமா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதும். பதம் பார்த்துப் பழக்குவது அவருக்குத் தெரியாததா? காளைக் கன்றை உழவுக்குப் பழக்கும்போது எடுத்த எடுப்பில் ஏரில் பூட்டமாட்டார்கள். முதலில் வெறும் நுகத்தடியை வைத்து நடத்துவார்கள். பிறகு லேசான கட்டை ஒன்றை இழுக்க விடுவார்கள். கழுத்து காய்த்த பிறகுதான் கலப்பை. டிராக்டரையும் பெரியப்பா அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். ஆடிப் பட்டம் வரைக்கும் அதற்குக் கலப்பை கிடையாது, டிரெய்லர் கிடையாது. காலையும் மாலையும் நின்ற இடத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் நான் பாயில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். வாசலில் ஒரு செருமல் கேட்கும், ஒரு உதறல், அப்புறம் டுக்கு டுக்கு டுக்கு என்று அது சீராக மூச்சுவிட ஆரம்பிக்கும். தரை அதிர்ந்து, பாய் வழியாக என் முதுகுக்கு வரும். அலமாரியில் அத்தையின் பொம்மைகள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுக்கும். டீசல் புகையும் சாம்பிராணிப் புகையும் வேப்பம்பூ வாசனையும் கலந்து ஜன்னல் வழியே இறங்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாத அந்த நேரம் இருக்கிறதே, அதைவிடச் சுகமான ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் பெரியப்பா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கையில் காபி ஆறிப்போக, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாமா சும்மா உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் சொல்லிவிட்டார்.

"பெரிய மாமா, இப்பிடி நிக்கவச்சே ஓட்டக்கூடாது. புது எஞ்சினுக்கு பாரம் வேணும். உள்ள ரிங்கு இருக்குது பாருங்க, அது பாரத்துல உரசித் தேஞ்சாத்தான் எடத்துல ஒக்காரும்."

"தேயறதுக்கா வண்டி வாங்குனேன்?" என்றார் பெரியப்பா.

"ஒரேயடியா பாரம் போடச் சொல்லல. கொஞ்சங் கொஞ்சமா..."

"நீ கரும்பு லோடு ஏத்தி அடுத்தவன் வண்டிய அடிச்ச ஆளு. சொந்த வண்டி வேற மாப்ள."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெண் கொடுக்கப் போகிற வீட்டில் எதிர்த்துப் பேச முடியுமா?

சித்திரையில் ஸ்ரீமுஷ்ணத்து வராக அவதாரப் பெருமாள் கோயிலுக்கு வண்டியைக் கொண்டு போனோம். "பூமியவே கொம்புல தூக்குன சாமி அவரு. இதுவும் பூமியக் கெளறப்போற வண்டி. அவரு கண்ணுல காட்டாம கலப்ப மாட்டக்கூடாது" என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். மாமா இருப்பதிலேயே சின்ன கியரில் வண்டியை நகர்த்த, பெரியப்பா தோளில் துண்டோடு முன்னால் நடந்தார். மாட்டைப் பிடித்துப் போவதாக நினைப்பு. அம்மாவும் அத்தையும் நானும் பஸ்ஸில் போனோம். பாதி வழியில் பஸ் அவர்களைத் தாண்டியது. மாலை போட்ட வண்டி, அதன் முன்னால் நடக்கிற மனிதர், அதை மணியடித்து முந்திப் போகிற சைக்கிள்காரர்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னாங்க இது, டிராக்டரு நடந்து போவுது!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கோயில் மண்டபத்தில் நாங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தோம். கல் தரை சில்லென்று இருந்தது. வாயில் கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டையின் மண்வாசனை கலந்த இனிப்பு. அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்துத் தூணைப் பார்த்தேன். தூணெல்லாம் குதிரைகள், மேலே வீரர்கள். கண் செருகச் செருகக் குதிரைகள் அசைவதாகத் தோன்றியது. டுக்கு டுக்கு என்று அவை நடந்து வருகின்றன. விழித்துப் பார்த்தால் நிழல் சாய்ந்து, நிஜமாகவே எங்கள் வண்டி தேரடிக்கு வந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் கால் வெந்திருந்தது. முகத்தில் மட்டும் அவ்வளவு பெருமை. அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை.

வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. மறுநாள் பெரியப்பா ஒரு துக்கத்துக்குக் கம்மாபுரம் போயிருந்தார். மாமா வண்டியின் பின்னால் கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு நிலக்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. "ஒரு நாளாவது அதுக்கு வேலை குடுக்கறேங்க்கா. இல்லன்னா கெட்டுப்போயிடும்" என்றார்.

நானும் அத்தையும் கூழ்த் தூக்கோடு போனபோது, செம்மண் புரண்டு புரண்டு கொல்லை முழுக்க ஈர வாசனை. கொக்குகள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தன. முதலில் புகைக்குழாயிலிருந்து கெட்டியாகப் புகை வந்தது. சத்தமும் முரடாக இருந்தது. அத்தை வேப்பமர நிழலில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிவெயில் சாய்ந்தபோது என் தோளைத் தட்டினாள்.

"பாத்தியாடி? காலையில இருந்த புகை இப்ப இல்ல. சத்தமும் எப்பிடி நைசா வருது பாரு."

உண்மைதான். புகை மெலிந்து, வெயிலில் கானல் அசைவதாக மட்டும் தெரிந்தது. மாமா கூழ் குடிக்க இறங்கி வந்தார். அவரும் அத்தையும் அதிகம் பேசவில்லை. "புகை கொறைஞ்சிடுச்சி" என்று அத்தை சொன்னாள். "நீயும் பாத்துட்டியா?" என்று அவர் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. தன் பேச்சுக்கு அந்த வீட்டில் ஒரு ஆள் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி என்று இப்போது புரிகிறது.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். சக்கரமெல்லாம் சேறு. வழக்கம்போல் பானெட்டில் கையை வைத்தவர், சுரீரென்று சுட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஒடம்பு கொதிக்குதே! என்னா பண்ண நீ?"

"உழுதேன் பெரிய மாமா. நல்லா இழுக்குது. வந்து பாருங்க, கொல்லைய..."

பெரியப்பா கொல்லையைப் பார்க்கவில்லை. சாவிக்குக் கையை நீட்டினார். "வண்டிய நம்பிக் குடுத்தேன். இந்த லட்சணத்துக்கு பாப்பாவ வேற உன்ன நம்பிக் குடுக்கணுமா?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமா சாவியைக் கொடுத்துவிட்டு, அம்மாவைக்கூடப் பார்க்காமல் சாலையை நோக்கி நடந்துவிட்டார். ஆவணிக் கல்யாணம் அந்த வாசலிலேயே நின்றுபோனது.

அதன் பிறகு வண்டிக்கு நடந்த பணிவிடையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேலே தென்னங்கீற்றுப் பந்தல். வெயில் பட்டால் ஈரச் சாக்கு. அது களைத்துப் போய்விட்டதாம், உழவே ஆகாதாம். முன்னைவிட அதிக நேரம் நின்ற இடத்தில் ஓடியது. பெரியப்பாவே சாவி போடக் கற்றுக்கொண்டார். ஆனி பிறந்தபோது புகைக்குழாயிலிருந்து நீலமாக, நூல் நூலாகப் புகை வர ஆரம்பித்தது. எண்ணெய் ஊற்ற ஊற்றக் குறைந்தது. குழாயின் வாயில் கருப்பாக ஒழுகியது.

"பாத்தியா, அவன் அன்னிக்கி பண்ண வேலை" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே. அன்னிக்கி உழுத அப்பறந்தான் புகையே மெலிஞ்சிது. என் கண்ணால பாத்தேன்" என்றாள் அத்தை.

"உன் கண்ணுக்கு அவன்தான் தெரிவான்."

அத்தை உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து பொம்மைகளைத் தொடவில்லை. அப்பா புதிதாகக் கொண்டுவந்த பொம்மைகள் கண் இல்லாமல் அலமாரியில் வெள்ளையாகக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.

பெரியப்பா அதோடு விடவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் மாமா மேல் பிராது கட்டிவிட்டு வந்தார். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் குடியேறிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்ட்டில் மனு கொடுப்பதைப் போல, யார் மேல் என்ன குறை என்று தாளில் எழுதி, பூசை வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டால் கொளஞ்சியப்பர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ந்த பிறகு மறுபடியும் போய் "ராஜினாமா" எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். போலீஸுக்குப் பயப்படாதவர்களும் அந்த வேலுக்குப் பயப்படுவார்கள்.

அம்மா நடுங்கிப்போனாள். மாமா சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தபோது, "ஆரம்பிச்சிடுச்சி" என்று உட்கார்ந்து அழுதாள். கூடப் பிறந்தவன் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், மூத்தார் ஒரு பக்கம். வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டுக்கு டுக்கு சத்தம் மட்டும் இரண்டு வேளையும் கேட்டது.

ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்க அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். கேரியரைக் கம்பெனி வாசலில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் மணவாளநல்லூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். சூளைகளின் அனல் பின்னால் போக, மணிமுத்தாற்றுக் காற்று முன்னால் வந்தது. "எங்க அத்த போறோம்?" என்று கேட்டேன். "ஞாயம் கேக்க" என்றாள்.

கோயிலில் பிராது எழுதிக் கொடுக்கிறவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு மேலம்மா?"

அத்தை தயங்கினாள். அண்ணன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவரை முனியப்பர் வேலில் கட்டுவதா? எடுத்து வளர்த்த கை அல்லவா? புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றவள், கடைசியில் சொன்னாள்.

"எங்க வூட்டு டிராக்டரு மேல."

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்தார். "டிராக்டரு மேலயா? அது உனுக்கு என்னாம்மா பண்ணுச்சி?"

"வாயத் தொறக்க மாட்டங்குது. யாரு அதக் கெடுத்ததுன்னு அதுவே வாயத் தொறந்து சொல்லணும். அதான் என் பிராது."

அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "மாடு மேல எழுதியிருக்கேன். கெணறு மேலகூட எழுதியிருக்கேன். வண்டி மேல எழுதக்கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று எழுதித் தந்தார். அத்தை அதை வேலில் கட்டினாள். திரும்பும் வழியில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, "வூட்டுல சொல்லக்கூடாது" என்றாள். நான் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. ஊரெல்லாம் உழவு. பெரியப்பா ஒரு கூலி டிரைவரை வைத்து, சூடம் கொளுத்தி, கலப்பையை மாட்டச் சொன்னார். வண்டி பாதி சால் போனது. நீலப் புகையில் கொல்லையே மறைந்தது. இழுக்க மாட்டாமல் முனகி நின்றுவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஏரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். பந்தலுக்குக் கீழே சாக்கை விரித்து எஞ்சினின் தலையைக் கழற்றினார். எல்லோரும் சுற்றி நின்றோம். உள்ளே வட்ட வட்டமாகக் குழிகள். அவற்றின் சுவர் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தது.

"பளபளன்னு கிளேஸ் பூசுன பீங்கான் ஜாடியாட்டம் இருக்குது" என்றாள் அத்தை.

"அதேதான்மா. புதுசுல இந்தச் சுவத்துல கோடு கோடா சொரசொரப்பு இருக்கும். பாரம் இழுத்தா ரிங்கு அதுல அழுத்தி உரசி ஒக்காரும். இங்க உரசவே இல்ல. எண்ணை தீஞ்சி படிஞ்சி வழவழன்னு ஆயிட்டுது. எண்ணை மேல ஏறி எரியுது. எத்தினி நாளு உழுதீங்க?"

"ஒரு நாளு" என்றார் பெரியப்பா. "அன்னிக்கிதான் ஒருத்தன்..."

"ஒரே நாளா? அப்ப மத்த நாளெல்லாம்?"

பெரியப்பா பந்தலை அண்ணாந்து பார்த்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் வண்டிக்கு நடந்த உபசாரம் வேறு எந்த வண்டிக்கு நடந்தது? முன்னால் வந்து சொன்னேன். "தெனம் காலையிலயும் சாயங்காலமும் சாம்பிராணி போட்டு, நிக்கவச்சே ஓட்டுவோம். எங்க பெரியப்பா கையாலயே தடவிக் குடுப்பாரு!"

மெக்கானிக் பெரியப்பாவைப் பார்த்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுல ஒருத்தன் கெடுத்தது ஒண்ணுமில்லீங்க. அந்த ஒரு நாளுதான் இதுக்கு நல்ல நாளு" என்றார். டீ வேண்டும் என்று கேட்டார். அத்தை என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டாள். டிராக்டர் வாயைத் திறந்துவிட்டது.

பெரியப்பா குனிந்து, அந்தப் பளபளப்பை விரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. அம்மாதான் எனக்குச் சொன்னாள். சின்ன வயதில் தம்பிக்கும் தங்கைக்கும் சோறு போட வேண்டுமே என்று, கழுத்து காய்க்காத ஒரு கன்றை அவசரப்பட்டு ஏரில் பூட்டியிருக்கிறார் அவர். அது சாலிலேயே படுத்ததாம், எழுந்திருக்கவே இல்லையாம். அதற்கப்புறம் அவர் எதன் மேலும் பாரம் வைக்கத் துணியவில்லை. மாட்டின் மேலும், வண்டியின் மேலும், அத்தையின் மேலும். அன்று இதை ஒரு கதையாகக் கேட்டுக்கொண்டேன். இன்று, மகனின் காருக்குப் பக்கத்தில் நின்றபோது, அந்த மனிதர் சுமந்த பாரம் எவ்வளவு என்று தெரிந்தது.

சுவரை மறுபடி சொரசொரப்பாகத் தேய்த்து, புது ரிங் போட்டு, மெக்கானிக் வண்டியைப் பூட்டிக் கொடுத்தார். "இப்ப இது மறுபடியும் புது எஞ்சின்தான். மொதல்லேருந்து பழக்கணும். இந்த வாட்டி பாரம் வச்சிப் பழக்குங்க" என்றார். மறுநாள் பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் பஸ் ஏறினார். சாயங்காலம் மாமாவோடு திரும்பினார். குடை மாமாவின் கையில் இருந்தது. அங்கே என்ன பேசினார் என்று மாமா பின்னாளில் சொன்னார். வீட்டில் போய் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "வண்டிய மொதல்லேருந்து பழக்கணுமாம் மாப்ள. எனக்குத் தெரியல. வா" என்றாராம். அவ்வளவுதான். எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவுக்குக் கேட்கும்படி, "ஆவணித் தேதி மாறல" என்றார். அம்மா அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

பிராதைத் திரும்பப் பெற மணவாளநல்லூர் போக வேண்டும். பக்கத்து வீட்டு டிரெய்லரை வாங்கி மாட்டினார் மாமா. அதில் பாதிக்குச் செம்மண் ஏற்றினார். அம்மா, அப்பா, அத்தை, நான், தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஏறினோம். மாமா வண்டியைக் கொஞ்ச தூரம் இழுத்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் பாரம் தாங்கும்" என்றார்.

பெரியப்பா வழக்கம்போல் வண்டிக்கு முன்னால் நடக்கத் தயாராக நின்றார். வந்த நாளிலிருந்து அதன் மேல் அவர் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பி வந்தார். டிரெய்லரின் சக்கரத்தில் கால்வைத்து மேலே ஏறி, மண் குவியலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப பத்துமா மாப்ள?"

"பத்தும் பெரிய மாமா" என்றார் மாமா. எழுந்து சீட்டைச் சரிசெய்துகொண்டார். சர்ரென்ற சத்தம் வரவில்லை. பெரியப்பாதான் காலையில் அந்த உறையைக் கிழித்துப் போட்டிருந்தார்.

வண்டி எடுத்தது. இந்த முறை அது டுக்கு டுக்கு என்று கொஞ்சவில்லை. அடிவயிற்றிலிருந்து வேலை செய்கிற சத்தம். டிரெய்லர் ஆட ஆட எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். ஆடிக் காற்று, செம்மண் தூசி, தூரத்தில் சூளைப் புகை, எனக்குக் கண் செருகியது. அத்தை பெரியப்பாவின் காதருகே குனிந்து, இரைச்சலுக்கு மேல் கத்தியது தூக்கத்தில் கேட்டது.

"அண்ணே, கல்யாணம் ஆனப்பறம் நான் பொம்ம கம்பெனிக்கி வேலைக்கிப் போவேன்!"

பெரியப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "போ" என்றார். "கொடைய எடுத்துக்கிட்டுப் போ."

கோயிலில் அதே மூக்குக் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா தன் ராஜினாமாவைச் சொல்ல ஆரம்பித்தபோது, அவர் பார்வை பின்னால் நின்ற அத்தை மேல் போனது.

"நீங்களும் ராஜினாமாவாம்மா? டிராக்டரு மேல பிராது குடுத்தவங்கதான நீங்க?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா திரும்பினார்.

"டிராக்டரு மேலயா? என்னான்னு குடுத்த பாப்பா?"

"யாரு கெடுத்ததுன்னு... அதுவே வாயத் தொறந்து சொல்லணும்னு."

வெளியே மரத்தடியில் வண்டி நின்றிருந்தது. மாமா அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அத்தையிடம் மெதுவாகச் சொன்னார்.

"என் மேலயே குடுத்திருக்கலாமே பாப்பா. அன்னிக்கே நான் ஒத்துக்கிட்டிருப்பேன். பாவம், அத எதுக்குப் பிரிக்கவுட்ட?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதுகிறவரிடம், "ரெண்டு ராஜினாமாவையும் ஒரே தாள்ல எழுதிடுங்க" என்றாள்.